முகமறியாதவருக்கு ஒரு மறுமொழி

ஒரு பொதுப் பத்திரிகையின் தரத்தை அளந்தறிய விரும்புகிறவர்கள், அதன் அட்டைப்படத்தையும், அதில் எழுதும் பெரியோர்களின் பெயர்வரிசையையும், விற்பனையாகும் பிரதிகளின் தொகையையும் பார்ப்பது உலக வழக்கமாயினும், என் அபிப்பிராயத்தில் பார்க்கவேண்டிய இடம் வேறு. இதுவரை ஓரெழுத்தும் அச்சில் வந்திராத, எவருடைய சிபாரிசும் இல்லாத, சென்னையில் ஒரு முகத்தையும் அறியாத ஒருவர், தாமாக எழுதித் தாமாக அனுப்பிய கதையோ கட்டுரையோ அந்தக் காரியாலயத்துக்குள் நுழைந்த பிற்பாடு அதற்கு என்ன கதி நேர்கிறது? அதை யாரேனும் படிக்கிறார்களா, படித்தவர் எத்தனை நாளில் ஒரு முடிவுக்கு வருகிறார், வந்த முடிவை அனுப்பியவருக்கு ஒரு வரியிலாவது தெரிவிக்கிறார்களா? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைதான் பத்திரிகையின் உண்மையான யோக்கியதாம்சம் என்று நான் கருதுகிறேன்.

பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைவிட, திறந்துவிட்ட தண்ணீர் கடைமடை வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதை வைத்தே அவ்வருஷத்து நீர் நிர்வாகத்தை எங்கள் ஊர் விவசாயி மதிப்பிடுவார். தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு நாஞ்சில் நாடு நெடுங்காலம் அப்படியொரு கடைமடையாகவே இருந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டை உள்ளடக்கிய எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு வெகுகாலம் இது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. சமஸ்தானத்துக்கென்று ‘அஞ்சல்’ என்ற தனித் தபால் ஏற்பாடு இருந்து, 1951இல்தான் அது இந்தியத் தபால் இலாகாவோடு கலந்தது. ரயிலோ, 1979இல் திருவனந்தபுரத்துப் பக்கமிருந்தும், 1981இல் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாகர்கோவிலை வந்தடைந்தது. அதுவரையில் இவ்வூர்க்காரர் ஒருவர் சென்னைக்கு அனுப்பிய கதை, ஆரல்வாய்மொழிக் கணவாயைச் சாலைமார்க்கமாகக் கடந்து, திருநெல்வேலிச் சீமையில் ரயிலேறிப் பயணம் செய்யவேண்டியிருந்தது. தூரம் இது மட்டுமன்று. மலையாளத்தில் பாடம் படித்துத் தமிழில் எழுத முனைந்தவர்களும், வீட்டில் பேசும் தமிழ் பத்திரிகைத் தமிழுக்கு அந்நியமாய் இருந்தவர்களும் இங்கே பலர்.

இருந்தும் இந்தச் சிறு நிலப்பரப்பிலிருந்து தமிழ் எழுத்துக்கு வந்து சேர்ந்தவர்களை எண்ணிப்பார்க்கும்போது, அவர்கள் ஒவ்வொருவரும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்று ஆராயத் தோன்றுகிறது. ஆராய்ந்தால் பெரும்பாலும் ஒரு பத்திரிகையின் பெயரும், அந்தப் பத்திரிகையின் மேஜையிலிருந்து கைப்பிரதியைப் படித்துப்பார்த்த ஒரு மனிதரும் தென்படுகிறார்கள். தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, நாஞ்சில் நாட்டு வேளாளரின் குடும்பங்களை அரித்துக்கொண்டிருந்த மருமக்கள்வழித் தாயமுறையைத் தாக்கி எழுதிய ‘மருமக்கள்வழி மான்மியம்’ நூலாக வந்தது 1942இல். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, கவிமணி தம் பெயரை வெளியிடாமல், ‘தமிழன்’ என்னும் பத்திரிகையில் அது பகுதி பகுதியாக வெளிவந்து ஜனங்களின் வாயில் வழங்கத் தொடங்கிவிட்டது. தாயமுறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926இல் பிறந்தது. அச்சட்டம் பிறந்ததற்கு அந்தக் கவிதையும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பெரிய குடும்பங்களின் கோபத்துக்கு ஆளாகத் துணிந்து, ஆசிரியர் பெயரில்லாத ஒரு நெடுங்கவிதைக்கு இதழ்தோறும் பக்கம் ஒதுக்கிய அந்தப் பத்திரிகாசிரியரின் நெஞ்சுறுதியை, கவிமணியின் கவித்துவத்தைப் போற்றுகிற நாம் அதே மூச்சில் போற்றவேண்டும்.

பின்வந்தவர்களின் சரித்திரமும் இத்தகையதே. அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி, ‘சசிதேவன்’ என்ற புனைபெயரில் எழுதிய குழந்தைப் பாடல்கள், கலைமகள் காரியாலயத்தார் நடத்திய ‘கண்ணன்’ என்ற சிறுவர் பத்திரிகையில் வெளிவந்தன. சுந்தர ராமசாமியின் ‘தண்ணீர்’ என்ற கதை, ரகுநாதன் நடத்திய ‘சாந்தி’யில் பரிசு பெற்றது, அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’ விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’யில் தொடராகத் தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்று, 1966இல் நூலாயிற்று. தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான், மலையாளத்தில் பள்ளிப்படிப்பு முடித்தவர், மிளகாய் வியாபாரி; இலக்கிய வட்டாரம் எதிலும் பழக்கமில்லாத அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’க்கு ‘முஸ்லிம் முரசு’ தொடராக இடம் தந்தது. 1988இல் நூலான அந்த ஒரு படைப்பால், கடற்கரை முஸ்லிம்களின் வாழ்வு தமிழ் நாவலுக்குள் தன் சொந்தக் குரலோடு பிரவேசித்தது. 1997இல் அவருக்கு, ‘சாய்வு நாற்காலி’க்காக, சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. ஜெயமோகன் பள்ளி மாணவராயிருந்தபோதே அவருடைய கதையொன்று ‘ரத்னபாலா’ என்னும் சிறுவர் இதழில் அச்சேறியது. வளர்ந்தபின் ‘கணையாழி’யும் ‘நிகழ்’ இதழும் அவருடைய கதைகளுக்கு இடமளித்தன.

இவர்களுள் வீரநாராயணமங்கலத்து நாஞ்சில் நாடனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உத்தியோகம் தேடி 1970களின் தொடக்கத்தில் பம்பாய்க்குப் போனவர் அவர். தமிழ்ப் பத்திரிகைக் காரியாலயம் எதையும் அடிக்கடி எட்டிப்பார்க்கக்கூடிய தூரத்தில் இருந்தவரல்லர். பம்பாயில் இருந்துகொண்டு நாஞ்சில் நாட்டைப் பற்றி எழுதிய ‘விரதம்’ என்ற அவருடைய முதல் சிறுகதை, நா. பார்த்தசாரதி சென்னையிலிருந்து நடத்திய ‘தீபம்’ இதழில் 1975இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1977இல், ‘தலைகீழ் விகிதங்கள்’ நாவலும் வந்துவிட்டது. 2010ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு ‘சூடிய பூ சூடற்க’ தொகுதிக்குக் கிடைத்தது. முதல் கதைக்கும் முதல் நாவலுக்கும் இடையிலிருந்த காலம் இத்தனை குறுகியதாய் இருந்ததை நான் அகஸ்மாத்தாய் நேர்ந்ததென்று நினைக்கவில்லை. ஊரைவிட்டுப் பிரிந்து, அலுவலகவேலையின் களைப்போடு இரவில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு, “உங்கள் கதை எங்களுக்குக் கிடைத்தது, அதை வெளியிடுகிறோம்” என்று தூரதேசத்திலிருந்து வருகிற ஒரு வரி, பல ஆண்டுகளுக்கு உழைக்கும் தெம்பைத் தந்துவிடும். அந்த வரி வராமற்போய், எழுத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு சரித்திரமும் கிடையாது. அவர்கள் எழுதாமற்போனதை நாம் எங்கே போய்ப் படிப்பது?

வெளியூர்ப் பத்திரிகைகளை நம்பிக்கொண்டே இவ்வூர்க்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். வனமாலிகை நாகர்கோவிலிலிருந்து நடத்திய ‘சதங்கை’, ராஜமார்த்தாண்டன் ஆசிரியராயிருந்த ‘கொல்லிப்பாவை’, 1988 ஜனவரியில் சுந்தர ராமசாமி காலாண்டிதழாகத் தொடங்கிய ‘காலச்சுவடு’ ஆகியவை, கைக்காசைச் செலவிட்டு, தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் பக்கங்களைத் திறந்துவைத்தன. பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தம் 1959இல் தொடங்கிய ‘தாமரை’யும் நினைக்கத்தக்கது.

இனி, ஒரு மறுமொழி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு என் கண்ணால் கண்ட ஒரு திருஷ்டாந்தம். பூதப்பாண்டியை அடுத்த ஓர் ஊரில் நெடுங்காலம் பள்ளியாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற என் நண்பரொருவர், தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஒரு மாத இதழுக்கு அனுப்பினார். வழக்கம்போல், போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையையும் உடன் வைத்திருந்தார். அந்த உறையிலேயே கட்டுரை திரும்பி வந்தது. ஆனால் அதோடு அரைத்தாளில் பென்சிலால் எழுதிய ஒரு குறிப்பும் வந்தது. முதல் இரண்டு பக்கங்களில் பழைய இலக்கியத்தில் பூக்களின் மகிமை வர்ணிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், விடியுமுன் பிச்சிப்பூ மூட்டைகளை அவிழ்த்துத் தராசிலிடுகிற இடத்தில்தான் கட்டுரை ஆரம்பமாகிறது. முன்னதைத் தாங்கள் விட்டுவிடச் சம்மதித்தால் பின்னதை விரிவாக்கலாம். அன்றன்றைய விலையை அங்கே யார், எப்போது, எதை உத்தேசித்து நிர்ணயிக்கிறார்கள் என்று வாசகர் நிச்சயம் கேட்பார், அதற்கு விடை இல்லையே என்று அக்குறிப்பில் கண்டிருந்தது. நண்பர் மறுபடியும் சந்தைக்குப் போனார். வியாபாரிகளிடம் பேசினார். ஓணத்துக்கு முந்தின நாட்களில் கேரளத்துக்குப் போகும் சரக்கு விலையை எப்படி ஏற்றுகிறது, மழைநாளில் மொட்டின் எடை ஏன் கூடுகிறது, முகூர்த்தமில்லாத மாதத்தில் கட்டுகிற பெண்களின் கூலி என்னாகிறது என்றெல்லாம் கேட்டறிந்து, கட்டுரையைப் புதிதாக எழுதி அனுப்பினார். அது அச்சில் வந்தது. சன்மானமாக வந்த மணியார்டர் தொகை செலவாகி வெகுகாலமாயிற்று. அந்த அரைத்தாளை அவர் இன்னமும் ஒரு நோட்டுப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். அதை எழுதிய உதவியாசிரியருக்கு அதற்காகக் கால்மணி நேரத்துக்குமேல் செலவாகியிருக்காது.

எழுதுகிறவர்களுக்கு உரிய கடமைகளை ஒதுக்கிவிட்டுப் பத்திரிகைகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பொதுப் பத்திரிகை என்பது பற்பல ருசியும் வயதும் தொழிலும் உள்ளவர்கள் ஒரே குடும்பத்தில் கைமாற்றிப் படிக்கிற ஏடு. அதற்கு அனுப்புகிறவர், தமக்குத் தெரிந்ததைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறோம் என்ற ஞாபகத்தோடு எழுதவேண்டும். அனுப்பப்போகும் பத்திரிகையின் பழைய இதழ்கள் சிலவற்றை ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து நிதானமாய்ப் படித்தால், அதில் எவ்வளவு நீளமுள்ள கட்டுரைகள் வருகின்றன, எந்தப் பகுதியை வெளியார் எழுதுகிறார்கள், எதைக் காரியாலயத்தாரே எழுதிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் தானே விளங்கிவிடும். பலர் இதைச் செய்வதில்லை. நாலு பக்கக் கதை வெளியிடுகிற வாரப் பத்திரிகைக்கு நாற்பது பக்கக் குறுநாவலை அனுப்பிவிட்டு மாதக்கணக்காய்த் தவங்கிடப்பவர்களை நான் அறிவேன். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் ஓரம்விட்டு எழுதுவது அச்சுக்கோப்பவர்களின் காலத்துச் சம்பிரதாயம். இப்போது ஒருங்குறி எழுத்தில் தட்டச்சுச் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறோம் என்றாலும், அச்சம்பிரதாயத்துக்குப் பின்னாலிருந்த மரியாதை, அதாவது படிக்கப்போகிறவரின் கண்ணுக்கும் நேரத்துக்கும் காட்டுகிற மரியாதை, இன்றும் தேவைதான். கட்டுரைக்கு மேல் வைக்கிற கடிதம் சுருக்கமாயிருக்கட்டும்: இன்ன பொருள், இத்தனை சொல், இதை எழுதுவதற்கு எனக்குள்ள அநுபவம் இது, முகவரியும் தொலைபேசி எண்ணும் இவை. ‘இது என் சொந்தப் படைப்பு; வேறெங்கும் வெளியாகவில்லை; வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை’ என்ற உறுதிமொழியைப் பத்திரிகைகள் கேட்பது அர்த்தமில்லாத சடங்கன்று. ஒரே கதை ஒரே வாரத்தில் இரண்டு பத்திரிகைகளில் வெளிவந்து, இரண்டு ஆசிரியர்களும் வாசகர்களிடம் தலைகுனிய நேர்ந்தால், அடுத்தபடியாக வருகிற முகமறியாத எழுத்தாளர் அனைவரையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

காலமும் கவனிக்கத்தக்கது. தீபாவளி மலருக்கு ஐப்பசியில் அனுப்பிப் பயனில்லை. மலரின் பக்கங்கள் அதற்குப் பல வாரங்கள் முன்பே நிறைந்துவிடும். கும்பப்பூ என்கிற நெற்பருவத்தின் அறுவடையைப் பற்றி எழுதுகிறவர் அறுவடை நடக்கும்போது குறிப்பெடுத்து, அடுத்த பருவத்துக்கு முன்னால் அனுப்பிவிட்டால், ஆசிரியர் அதற்குரிய இதழில் வைத்துக்கொள்ள வசதியாயிருக்கும்.

எழுதுகிறவர் இத்தனையும் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் நடப்பது என்ன? அநேக பத்திரிகைகளில் இன்று நடப்பது ஒன்றுமில்லை என்பதே என் துயரம். ‘படைப்புகளைத் திருப்பி அனுப்ப இயலாது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை’ என்ற அறிவிப்பை மூலையில் பொடியெழுத்தில் போட்டுவிட்டால் எல்லாப் பொறுப்பும் தீர்ந்ததாக ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. தபாலில் போன காலத்தில், கட்டுரை தவறிப்போயிற்றோ என்ற சமாதானமாவது இருந்தது. மின்னஞ்சலில் போன கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அனுப்பியவருக்குத் தெரியும். சேர்ந்தபின் அங்கே நிலவுகிற மௌனம் எதைக் குறிக்கிறது என்றுதான் தெரிவதில்லை. ஏற்பா, மறுப்பா, இன்னும் படிக்கவில்லையா? வேறொரு பத்திரிகைக்கு அனுப்பலாமா, அனுப்பினால் முன் சொன்ன உறுதிமொழியை மீறினவராவோமா? நேர்மையுள்ளவர் காத்திருக்கிறார். இந்த ஏற்பாட்டில் தண்டனை முழுவதும் நேர்மையுள்ளவருக்கே போய்ச் சேருகிறது என்பதை ஆசிரியர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும்.

பத்திரிகைக்காரர்கள் இதற்குச் சொல்லுகிற காரணங்களை நான் அறியாதவனல்லன். வருகிற படைப்புகள் அபரிமிதம். படிக்கிற ஆட்கள் இரண்டொருவர். அந்த இரண்டொருவருக்கும் இதழை முடித்து அச்சுக்கு அனுப்புகிற வேலை தலைக்குமேல் இருக்கிறது. காகித விலையும் விளம்பரக் குறைவும் பல நல்ல பத்திரிகைகளை நசுக்கிவிட்டன. ஆகையால் தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டு வாங்கிப் பக்கத்தை நிரப்பிவிடுவது சுலபமான வழியாகிவிட்டது. ஆனால் சுலபமான இந்த வழியின் முடிவில் என்ன இருக்கிறது? அதே பெயர்கள், அதே பேட்டைகள், அதே உணவகங்கள், அதே ஞாபகங்கள். குளச்சல் கடலில் வலைவீசுகிறவர் வீட்டுப் பெண் தன் பிள்ளையைப் படிக்கவைத்த கதையோ, குலசேகரத்துக்கு மேலே ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் காலைநேரமோ, தெரிந்த பத்துப் பேரிடம் கேட்டு வாங்கினால் வருமா? மலர்வதி எழுதிய ‘தூப்புக்காரி’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமியின் யுவபுரஸ்கார் கிடைத்தபோது, துப்புரவுத் தொழிலாளிப் பெண்ணொருத்தியின் வாழ்க்கையைத் தமிழ் வாசகர்கள் ஆச்சரியத்தோடு படித்தார்கள். அந்த ஆச்சரியத்தை வாரந்தோறும் வாசகருக்கு அளிக்கக்கூடிய பொருள், கேட்காமல் வந்து படிக்கப்படாமல் கிடக்கிற தபாலில் இருக்கிறது.

பெருந்தொகையாய் வருகிற தபாலுக்கு மறுமொழி கொடுப்பது அசாத்தியம் என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்க வாதமன்று. ரஷ்ய நாட்டில் தாகன்ரோக் என்னும் தென்கோடித் துறைமுகப் பட்டினத்தில் பிறந்து, மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த, இருபது வயதை எட்டும் நிலையிலிருந்த ஓர் ஏழை மாணவர், தலைநகராகிய பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த ‘ஸ்த்ரெகோசா’ என்ற நகைச்சுவை வாரப் பத்திரிகைக்கு ஒரு கதை அனுப்பினார். அப்பத்திரிகையில், வெளியூர்களிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இதழிலேயே சுருக்கமாய் விடை சொல்லுகிற தபால்பெட்டிப் பகுதி ஒன்று உண்டு. 1880 ஜனவரியில் அப்பகுதியில், அவருடைய கதை மோசமில்லை, வெளியிடுவோம், மேலும் எழுதலாம் என்ற கருத்தில் சில வரிகள் வந்தன. வரிக்கு ஐந்து கோபெக் சன்மானம் என்பதும் தெரிவிக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் கதை வெளிவந்தது. அந்த மாணவர்தான் ஆண்டன் செகாவ். அவ்விதமாய் விடை சொல்வதற்கு அப்பத்திரிகைக்கு உறையும் தபால்தலையும் வேண்டியிருக்கவில்லை. பக்கத்தின் ஒரு பத்தி போதுமாயிருந்தது. இன்று நம் பத்திரிகைகளுக்கு அந்தப் பத்திகூட வேண்டியதில்லை. ‘கிடைத்தது’ என்று ஒரு தகவலும், குறித்த நாளுக்குள் ‘ஏற்றோம்’ அல்லது ‘ஏற்க இயலவில்லை’ என்று மற்றொரு தகவலும் அனுப்ப ஒரு கணிப்பொறியும் ஒரு மனிதரும் இருந்தால் முடிந்தது.

சன்மானத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசவேண்டும். நஷ்டத்தில் நடக்கிற சிற்றிதழ், எழுதியவருக்கு இரண்டு பிரதிகள் அனுப்பிவிட்டு நன்றி சொன்னால், அதை முகமலர்ச்சியோடு ஏற்றுக்கொள்வது எழுதுகிறவரின் தர்மம். ஆசிரியரும் அங்கே கூலியில்லாமல்தான் உழைக்கிறார். ஆனால், காகிதம் விற்றவருக்கும் அச்சடித்தவருக்கும் கட்டுச்சுமந்தவருக்கும் காசு கொடுக்கிற வியாபாரப் பத்திரிகை, அத்தனை பேருக்கும் வேலை கிடைக்கக் காரணமாயிருந்த எழுத்துக்கு மட்டும் விலை சொல்லத் தயங்குவது எவ்விதத்திலும் சரியாகாது. தொகை பெரிதோ சிறிதோ, அது எவ்வளவு, எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எழுதுகிறவர் தாமே யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்துவிடுவார். தோவாளைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் பஸ் ஏறிப்போய், நாலு பேரைப் பார்த்து, ஒரு நாள் கூலியை இழந்து எழுதுகிறவருக்கு அந்தத் தொகையைக் கேட்பது பேராசையன்று.

இவ்விஷயத்தில் சட்டம் எழுதுகிறவருக்கு அநுகூலமாகவே இருக்கிறது. நம்மவர்கள் அதை அறிந்துகொள்ளாததுதான் குறை. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பத்திரிகையில் உத்தியோகம் பார்க்காமல் வெளியிலிருந்து எழுதுகிறவரே தம் எழுத்தின் முதல் உரிமையாளர். அவ்வுரிமை அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின்னர் 60 ஆண்டுகளும் நிலைக்கிறது. எழுத்துமூலமாகவும் கையொப்பத்தோடும் மாற்றிக்கொடுத்தால் அல்லாது உரிமை கைமாறாது. மாற்றிக்கொடுத்த பத்திரத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளவேண்டும். பெற்றுக்கொண்டவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறுவிதமாய்க் கண்டிருந்தாலன்றி, உரிமை திரும்பிவிடும். உரிமையை விற்றுவிட்ட பிறகும், ஆசிரியரின் கௌரவத்துக்குப் பங்கம் வரும்படி எழுத்தைச் சிதைப்பதைத் தடுக்கிற அதிகாரம் 57ஆம் பிரிவின்படி அவரிடமே இருக்கிறது. ஆகவே, ‘இங்கு வெளியாகும் படைப்புகளின் சகல உரிமையும் பத்திரிகைக்கே’ என்று ஓரத்தில் அச்சிட்டுவிடுவதால் மட்டும், கையொப்பமிடாத ஒருவரின் உரிமை போய்விடுவதில்லை. தங்கள் கதைகளைத் தொகுதியாக்கப் பத்திரிகையின் அநுமதிக்காகப் பயந்துகொண்டிருக்கிற எழுத்தாளர்களை நான் சந்தித்திருப்பதால் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எடிட்டிங் என்று இப்போது எல்லோரும் சொல்லுகிற செப்பனிடும் வேலை அவசியமானது. அதைச் செய்யாத பத்திரிகை வாசகருக்குத் துரோகம் செய்கிறது. ஆயினும் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் எழுதிய உரையாடலைச் சென்னைப் பேச்சாக மாற்றுவதும், வயலின் பெயரையும் உறவுமுறையையும் தமக்குப் பரிச்சயமானதாய்த் திருத்துவதும் செப்பனிடுதல் ஆகாது. விளங்காத இடத்தில் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அந்தத் தொலைபேசி அழைப்பே அவருக்கு ஒரு பாடமாகவும் உற்சாகமாகவும் அமையும்.

எங்கள் மாவட்டத்தவர்களாலும் ஆகக்கூடிய காரியங்கள் உண்டு. தெ. தி. இந்துக் கல்லூரியிலும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் தமிழ் படிக்கிற மாணவர்களுக்கு யாப்பும் இலக்கணமும் கற்பிக்கப்படுகின்றன. ஒரு கட்டுரையை ஒரு பத்திரிகைக்கு ஏற்றவாறு எப்படி எழுதி, எப்படி அனுப்பி, எப்படி உரிமையைக் காத்துக்கொள்வது என்று ஆண்டுக்கொரு நாளாவது, அச்சில் எழுதிப் பழகிய உள்ளூர்க்காரர்களைக் கொண்டு சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்கும். கிராமத்து வாசகசாலைகள் பத்திரிகைகளின் பழைய இதழ்களை எடைக்குப் போடாமல் ஓராண்டுக்காவது அடுக்கிவைக்கட்டும். எழுதிப் பழகுகிறவருக்கு வேறு பாடநூல் கிடையாது.

பத்திரிகாசிரியர்களிடம் நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தமன்று. அடுத்த தீபாவளி மலருக்குப் படைப்புகள் கோரி அறிவிப்பு வெளியிடும்போது, எத்தனை சொற்களுக்குள் இருக்கவேண்டும் என்று எழுதுகிற அதே இடத்தில், எத்தனை வாரத்துக்குள் முடிவு தெரிவிப்போம், சன்மானம் எவ்வளவு, எந்த உரிமையை எத்தனை காலத்துக்குக் கேட்கிறோம் என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். சொன்ன வாரத்துக்குள் சொன்னபடி தெரிவிப்பதற்கு ஓர் உதவியாசிரியரை நியமியுங்கள். தக்கலையிலும் குளச்சலிலும் மார்த்தாண்டத்திலும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அவ்வறிவிப்பைப் படித்து, எதை எந்தத் தேதிக்குள் உங்களுக்கு அனுப்புவது, எந்தத் தேதிக்குப்பின் அதை வேறிடத்துக்கு அனுப்புவது என்று தாங்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.